துருப்பிடித்த தோசைக்கல்

அம்மா வழுக்கி விழுந்ததில் மணிக்கட்டு எலும்பு முறிந்தது. 6 வாரம் மாவுக்கட்டு. அதற்குள் அவருடைய இரும்பு தோசைக்கல்லை யாரோ ஈரத்தோடு அடுக்கிவிட்டார்கள். யாரோ என்ன, நான்தான். எடுத்துப் பார்த்தால் செங்கல் நிறத்தில் துரு.

புளியும் கல்லுப்பும் சேர்த்துத் தேங்காய் நாரால் தேய்த்தேன். புளியின் அமிலம் துருவைக் கரைக்கும். செம்மண் நிறத்தில் தண்ணீர் வழிந்து, கடைசியில் சாம்பல் நிற இரும்பு தெரிந்தது. கழுவிய கையோடு துடைத்து அடுப்பில் காயவைத்துவிட வேண்டும். கொஞ்சம் விட்டாலும் மறுபடி துரு பூக்கும்.

தப்பு செய்தது அப்புறம்தான். நல்லெண்ணெயைத் தாராளமாக ஊற்றிக் காய்ச்சினேன். பிசின் மாதிரி ஒட்டியது. சரி, மறுபடி தேய்ப்பு. இந்த முறை பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டு, மெல்லிசாகத் தடவி, லேசாகப் புகை வரும்வரை காயவிட்டு ஆறவைத்தேன். தினம் 2 தடவை, 3 நாள். சூட்டில் எண்ணெய் இறுகிக் கறுப்புப் படலமாகிறது. தோசையை ஒட்டவிடாமல் காப்பது அதுதான்.

முதல் தோசை பிய்ந்தது. இரண்டாவதும். மூன்றாவதைக் கட்டுப் பிரித்த கையாலேயே அம்மா திருப்பினார்.

“கல்லு இன்னும் பழகலடா” என்றார், மணிக்கட்டை நீவிக்கொண்டே.