வீட்டை விற்கும் முன் செய்ய வேண்டிய வேலைகள்

தமிழ்நாட்டு நகரங்களில் வீட்டை விற்க முடிவு செய்பவர்களில் பலர் முதலில் பெயிண்டரைத்தான் அழைக்கிறார்கள். அதற்கு முன் தீர்மானிக்க வேண்டியது ஒன்று உண்டு: வாங்க வருபவர் வீட்டை வாங்கப் போகிறாரா, மனையை வாங்கப் போகிறாரா? மேற்கு மாம்பலத்தில் ஒரு கிரவுண்டில், அதாவது 2,400 சதுர அடியில், நாற்பது ஆண்டுகளுக்கு முன் கட்டிய தனி வீட்டை வாங்குபவர் பெரும்பாலும் அதை இடித்துவிட்டு அடுக்குமாடி எழுப்பும் எண்ணத்துடன்தான் வருவார். அங்கே புதிய தரை ஓடுகளுக்கும் சமையலறை அலமாரிகளுக்கும் செலவிடும் பணம் திரும்பி வராது. மனையை அளந்து நான்கு எல்லைகளையும் உறுதி செய்துகொள்வதும், அளவைப் பத்திரத்தோடும் பட்டாவோடும் ஒப்பிட்டுப் பார்ப்பதும், முன்னாலுள்ள சாலையின் அகலத்தைத் தெரிந்துவைத்திருப்பதுமே அங்கு விலையைக் கூட்டும். பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆன அடுக்குமாடி வீடு என்றால் கணக்கு வேறு. அங்கே பிரிக்கப்படாத மனைப் பங்கு, அதாவது கட்டடம் நிற்கும் மனையில் அந்த வீட்டுக்குரிய பங்கு, எத்தனை சதுர அடி என்பதற்கு அடுத்தபடியாக வீட்டின் நிலையும் விலையைத் தீர்மானிக்கிறது.

இரண்டு வகையிலும் ஆவணங்கள்தான் முதல் வேலை. வாங்குபவர்களில் பெரும்பாலோர் வங்கிக் கடனை நம்பி வருவதால், அவருக்கு வீடு பிடித்திருந்தால் மட்டும் போதாது. வங்கியின் வழக்கறிஞரும் மதிப்பீட்டுப் பொறியாளரும் ஒப்புதல் தர வேண்டும். கடன் கிடைக்காத வீட்டை முழுப் பணத்தையும் கையில் வைத்திருப்பவர் மட்டுமே வாங்க முடியும், அப்படிப்பட்டவர் பேரம் பேசாமல் விடமாட்டார். ஆகவே விலை சொல்வதற்கு முன்பே ஒரு வழக்கறிஞரிடம் மூலப்பத்திரங்களையும் சொத்தின்மீது பதிவான கிரயங்களையும் கடன்களையும் காட்டும் முப்பது ஆண்டு வில்லங்கச் சான்றிதழையும் கொடுத்துச் சட்டக் கருத்து வாங்கிவிடுவது நல்லது. வில்லங்க விவரங்களைப் பதிவுத்துறையின் இணையதளத்திலேயே பார்க்கலாம். மிகப் பழைய பதிவுகளுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பிக்க நேரிடலாம்.

வீட்டுக் கடனை அடைத்து முடித்தவர்கள் அடிக்கடி மறந்துவிடும் ஒன்று இங்கே அகப்படும். கடன் வாங்கியபோது பத்திரங்களை ஒப்படைத்ததற்கான ஆவணம் பதிவாகியிருந்தால், கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணத்தையும் வங்கி பதிவு செய்து தர வேண்டும். அதுவரை வில்லங்கச் சான்றிதழில் அந்தக் கடன் நிலுவையில் இருப்பதாகவே தெரியும். அசல் பத்திரங்கள் இன்னும் வங்கியிலேயே இருந்தால் கேட்டுப் பெற வேண்டும். கடன் தீர்ந்த 30 நாட்களுக்குள் அவற்றைத் திருப்பித் தர வேண்டும் என்றும், வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்றும் இந்திய ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. 2023 டிசம்பர் 1 முதல் இந்த விதி நடைமுறையில் உள்ளது.

பட்டா இன்னும் தாத்தாவின் பெயரிலோ, முந்தைய உரிமையாளரின் பெயரிலோ இருந்தால் பெயர் மாற்றத்துக்கு உடனே விண்ணப்பிக்க வேண்டும், ஏனென்றால் அது எப்போது முடியும் என்பது நம் கையில் இல்லை. தந்தை உயில் எழுதாமல் காலமாகியிருந்தால், அவர் சுயமாகச் சம்பாதித்த சொத்தில் 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கும் மகன்களுக்கும் மகள்களுக்கும் அவருடைய தாய்க்கும் பங்கு உண்டு. கல்யாணமாகிப் போன அக்கா கையெழுத்துப் போட்டுவிடுவார் என்று வாய்ப்பேச்சில் விட்டுவைத்து, முன்பணம் வாங்கிய பிறகு அவரிடம் போய் நிற்பது பணத்தையும் உறவையும் ஒருசேரக் கெடுக்கும். அவரும் கிரயப் பத்திரத்தில் கையெழுத்திட்டுத் தம் பங்கைப் பெற்றுக்கொள்வாரா, அல்லது முன்னதாகவே தம் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதித் தருவாரா என்பதை விற்பனைப் பேச்சைத் தொடங்குமுன் முடிவு செய்துகொள்ள வேண்டும்.

அனுமதி பெற்ற கட்டட வரைபடத்தைத் தேடி எடுத்து, கட்டியிருப்பதோடு ஒப்பிடுங்கள். அனுமதி இல்லாத மாடி அறையை வங்கி மதிப்பீட்டில் சேர்க்காமல் விடக்கூடும் என்பதால், அந்த அறைக்கும் சேர்த்து விலை சொல்லிவிட்டுப் பின்னால் இறங்குவதைவிட முதலிலேயே அதைக் கணக்கில் கொள்வது மேல். சொத்து வரி, குடிநீர் வரி, மின் இணைப்பு ஆகியவற்றில் பெயர் சரியாக இருக்க வேண்டும், பாக்கி இருக்கக் கூடாது.

இனி வீட்டுக்குள் வரலாம். வாங்குபவரின் கண் முதலில் ஈரக்கசிவைத் தேடும். ஓதம் ஏறிய சுவரின்மேல் பட்டி பார்த்து வண்ணம் அடித்தால், சில வாரங்களில் அது உப்பி உதிரும்; அனுபவமுள்ள கொத்தனாரை உடன் அழைத்து வருபவர் புதுச் சுண்ணாம்பு வாசத்திலேயே சந்தேகப்படுவார். ஆகவே காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்த பிறகே வண்ணம் அடிக்க வேண்டும். கூரையில் கறை என்றால் மொட்டை மாடியில் பதித்த தட்டோடுகளின் இணைப்புகளையும் மழைநீர்க் குழாய் வாயையும் பாருங்கள். குளியலறைக்கு அடுத்த சுவரில் கறை என்றால் தரை ஓடுகளின் இடைவெளிகளையும், தரைக்குக் கீழே ஓடும் குழாய்களையும் பாருங்கள். பால்கனியிலோ சன்ஷேடிலோ கான்கிரீட் பெயர்ந்து கம்பி தெரிந்தால், அது சிறிய இடமே ஆனாலும் கட்டடம் முழுவதையும் பற்றிய அச்சத்தைக் கிளப்பும் என்பதால் துருவை நீக்கி முறையாகப் பூசிவிடுவது அவசியம். கதவு நிலைகளில் கரையான் இருந்தால் மருந்து அடித்து, அதற்கான ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு வெள்ளையோ சந்தன நிறமோ ஒரே சீராக அடித்தால் போதும். தேக்குக் கதவுக்கு வார்னிஷ், ஒழுகும் குழாய்க்கு வாஷர், உடைந்த சுவிட்சுக்குப் புதியது, மோட்டாரும் கீழ்நிலைத் தொட்டியும் சுத்தமாக இருப்பது ஆகியவை குறைந்த செலவில் வீடு பராமரிக்கப்பட்டிருப்பதைக் காட்டும். பொய்க்கூரை, அலங்கார விளக்கு, மாடுலர் சமையலறை ஆகியவற்றை விற்பதற்காகப் புதிதாகச் செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன், ஏனெனில் வாங்குபவர் தம் விருப்பப்படி அவற்றை மாற்றவே செய்வார். காரைக்குடிப் பக்கத்துப் பழைய வீடாக இருந்தால், ஆத்தங்குடி ஓடுகள் பதித்த தரையைப் பெயர்த்துப் புதுக்கல் போடுவது மதிப்பைக் குறைக்கும் வேலை. அங்கே தரையைத் துடைத்து மெருகேற்றினாலே போதும்.

காலமும் கணக்கில் வரும். ஆடியிலும் மார்கழியிலும் வீடு வாங்கும் பேச்சைப் பலர் எடுப்பதில்லை. ஆகவே ஆடியில் பழுதுகளைப் பார்த்து முடித்து ஆவணியிலும், மார்கழியில் ஆவணங்களைத் திரட்டித் தையிலும் வீட்டைக் காட்டத் தொடங்கலாம். சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, "தெருவில் தண்ணீர் நின்றதா?" என்று கேட்காமல் வாங்குபவர்கள் குறைவு. மறைத்தால் அக்கம்பக்கத்தாரிடம் விசாரித்து அறிந்துவிடுவார்கள்.

விலையைத் தீர்மானிக்க பத்திரப் பதிவுக்காக அரசு நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பு அடித்தளம் மட்டுமே. அதே தெருவில் அண்மையில் நடந்த கிரயங்களை விசாரித்தறிவதே பயன் தரும். வாங்குபவர் தம் பங்குக்கு 7 சதவீத முத்திரைத் தீர்வையும் பொதுவாக 2 சதவீதப் பதிவுக் கட்டணமும் செலுத்த வேண்டியிருப்பதால், அவருடைய பட்ஜெட் நீங்கள் கேட்கும் விலையைத் தாண்டியது என்பதை நினைவில் கொள்ளுங்கள். தரகருக்கு எவ்வளவு, இரு தரப்பிலும் வாங்குவாரா என்பதை முதலிலேயே பேசி முடியுங்கள். முன்பணமாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. வீட்டை விரிவாக்கவோ மேம்படுத்தவோ செய்த பெரிய செலவுகளின் ரசீதுகளையும் தரகுக்கான ரசீதையும் பத்திரப்படுத்தினால், விற்ற லாபத்துக்கான மூலதன ஆதாய வரியைக் கணக்கிடும்போது உங்கள் ஆடிட்டர் அவற்றைக் கழித்துக் காட்ட முடியும். வண்ணம் அடித்த செலவு பொதுவாக அதில் சேராது.