ட்ரில் கியர் நழுவுதா? கழற்றும் முன் இதைப் பாருங்கள்

சிங்கப்பூரில் புது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுச் சாவி கைக்கு வந்ததும் பேட்டரி ட்ரில் ஒன்று வாங்கி அலமாரி பொருத்த ஆரம்பிக்கிறார்கள். சில மாதம் கழித்து, "அண்ணே, மோட்டார் ஓடுது, முன்பக்கம் சுத்தல" என்று நிற்கிறார்கள். பேட்டரி இறங்கியது, பிட் மழுங்கியது எல்லாம் யாருக்கும் தெரிந்ததே, விட்டுவிடுவோம்.

கிளட்சைக் கியர் என்று நினைப்பது

பிட்டைக் கவ்விப் பிடிக்கும் சக்குக்குப் பின்னால் எண் போட்ட வளையம்தான் கிளட்ச். ஸ்க்ரூ இறுகியதும் சீராக டக்-டக்கென்று விட்டுக்கொடுப்பது அதன் வேலை. வளையத்தை ட்ரில் படம் போட்ட இடத்துக்குத் திருப்பி ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றால் கோளாறே இல்லை.

நிற்கவில்லையா? பிட்டிலும் சக்கிலும் சேர்த்து நேராக ஒரு மார்க்கர் கோடு போட்டு, மரத்துண்டில் துளையிடுங்கள். கோடு விலகினால் சக்கின் பிடி தளர்ந்திருக்கிறது. சக்கும் பிட்டும் சேர்ந்தே நின்று, மோட்டார் மட்டும் கர்ரென்று ஓடினால்தான் சந்தேகம் கியர்பாக்ஸ் மேல் போகவேண்டும். மோட்டாரும் நின்றுபோனால் சுமை அதிகம், அல்லது பேட்டரி தாங்கவில்லை.

ஓடும்போதே 1-லிருந்து 2-க்குத் தள்ளுவது

எத்தனை முறை சொன்னாலும் நிற்காத தவறு இது. பணம் போவதும் இதில்தான்.

ட்ரில்லின் மேலே 1, 2 என்று வேகம் மாற்றும் நழுவு பட்டன் உள்ளே ஒரு வளைந்த கம்பியை நகர்த்துகிறது. அந்தக் கம்பி, உள்பக்கம் பல் வைத்த ஒரு வளையக் கியரை முன்னும் பின்னும் தள்ளுகிறது. 1-இல் அந்த வளையம் கியர்பாக்ஸ் கூட்டோடு பூட்டிக்கொண்டு அசையாமல் நிற்கும். வேகம் குறைவு, முறுக்கு விசை அதிகம். 2-இல் கூட்டை விட்டு விலகிப் பக்கத்துச் சுழல் தட்டோடு சேர்ந்து சுற்றும். வேகம் கூடும், விசை குறையும்.

மோட்டார் ஓடும்போது தள்ளினால் பற்கள் ஒன்றோடொன்று மோதி முனை சிதறும். பாதியில் நின்றால் இன்னும் மோசம்: பல்லின் நுனி மட்டும் மொத்தச் சுமையையும் தாங்கும். முனை ஒருமுறை உருண்டுவிட்டால், அழுத்தம் ஏறும்போதெல்லாம் வளையம் தானே பின்னால் வழுக்கி வெளியே வரும். பிறகு பட்டனை எவ்வளவு இறுக்கித் தள்ளினாலும் பயனில்லை. அதோடு கம்பியும் வளைந்துபோகும். பட்டன் 2 என்று காட்டும், கியர் அங்கே போய்ச் சேர்ந்திருக்காது.

விரலால் அழுத்தும் விசையை (சுவிட்சை) விடுங்கள். சக்கு முழுதாக நிற்கட்டும். பட்டனைக் கடைசிவரை தள்ளுங்கள். போகாவிட்டால் பலம் காட்டவேண்டாம். பல்லோடு பல் முட்டி நிற்கிறது. விசையை ஒரு நொடி தொட்டு விட்டு, நின்றபின் மறுபடி தள்ளினால் தானே உட்காரும்.

ஸ்க்ரூவுக்கும் பெரிய பிட்டுக்கும் 1. சின்னத் துளைக்கு 2. பெரிய வட்டத் துளை வெட்டும் ரம்பத்தை 2-இல் போட்டு, அது சிக்கி நிற்கும்போதும் விசையை அழுத்திக்கொண்டே இருப்பவர்கள் கியர் தரமில்லை என்று குறைசொல்வது நியாயமில்லை.

கியர்பாக்ஸுக்குள் துரு நீக்கும் ஸ்பிரே

கிரீஸைக் கரைத்துவிடும். அடிக்காதீர்கள்.

அவசரத்தில் பிரிப்பது

உத்தரவாதம் இருக்கும்வரை திறக்காதீர்கள். முடிந்திருந்தால் பேட்டரியைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். சக்கை எடுக்க, அதன் வாயைத் திறந்து உள்ளே பாருங்கள். அங்கே ஸ்க்ரூ இருந்தால் அது பெரும்பாலும் இடது மரை: கடிகாரச் சுற்றில் திருப்பினால்தான் கழலும். வழக்கம்போல எதிர்ப்பக்கம் முறுக்கித் தலையை அரைத்துவிடுகிறார்கள்.

கிளட்சின் சுருள்வில்லும் குட்டிக் குண்டுகளும் சிதறும், அதனால் ஒரு தட்டுக்குள் வைத்துப் பிரியுங்கள். ஒவ்வொரு படியையும் கைப்பேசியில் படம் எடுங்கள். கம்பி மட்டும் வளைந்திருந்தால் நிமிர்த்தலாம், மாற்றலாம். பல் உருண்டிருந்தால் அந்த ஒரு வளையத்தைத் தேடி ஜாலான் புசார் பக்கக் கடைகளில் அலையாமல், மாடல் எண்ணைக் காட்டிக் கியர்பாக்ஸ் முழுத் தொகுதியாகக் கேளுங்கள். புது ட்ரில்லின் விலையையும் அங்கேயே கேட்டு ஒப்பிட்டுவிடுங்கள். பூட்டும்போது லித்தியம் கிரீஸைப் பல்லில் பூசினால் போதும், கூட்டை நிரப்பவேண்டாம்.

கான்கிரீட் சுவர்

இதற்கு, அடித்துக்கொண்டே துளையிடும் ரோட்டரி ஹேமர் வாடகைக்கு எடுங்கள். விடாமல் துளையிடும் வேலையென்றால் வீவக அனுமதிக்கும் நேரம் வார நாளில் காலை 9 முதல் மாலை 5 வரைதான்.