மதுரைக்கு கான்ஃபரன்ஸ் கொண்டு வர்றது எப்படி: ஹாலத் தேடறதுக்கு முன்னாடி ஆளத் தேடுங்க

மதுரை மாதிரி ஒரு ஊருக்கு கான்ஃபரன்ஸ், டீலர் மீட், எக்ஸ்போ இதெல்லாம் வரவைக்கிறத பத்தி பேச்சு எடுத்தாலே முதல்ல வர்ற பதில் "சென்னை டிரேட் சென்டர் மாதிரி ஹால் நம்மகிட்ட எங்க இருக்கு"ன்னுதான். 2022ல தமுக்கத்துல மாநாட்டு மையம் திறந்ததுக்கு அப்புறமும் அதே பேச்சுதான் ஓடுது. ஹால் வேணாம்னு சொல்லல, ஆனா ஹால் நல்லாருக்குங்கறதுக்காக எந்த சங்கமும் ஊர் மாறி வந்ததில்ல. அந்த சங்கத்தோட ஜெனரல் பாடில நம்ம ஊர்க்காரர் ஒருத்தர் எந்திரிச்சு "அடுத்த தடவ எங்க ஊர்ல வைங்க, நான் பாத்துக்கறேன்"னு சொல்லணும், அவர் சொன்னாத்தான் வரும். ஹோட்டல் வச்சிருக்கவங்க, டிராவல்ஸ் ஓட்டுறவங்க, ஈவென்ட் பண்றவங்க, சேம்பர்ல (வர்த்தக சங்கத்துல) பொறுப்புல இருக்கவங்க எல்லாருக்கும் முதல் வேல அந்த ஆள கண்டுபிடிக்கறதுதான்.

ஆளுக்கு மதுரைல பஞ்சமே இல்ல. அரவிந்த் கண் ஆஸ்பத்திரி 1976ல 11 படுக்கையோட ஆரம்பிச்சது, இன்னிக்கு வெளிநாட்டு கண் டாக்டருங்க வந்து கத்துக்கிட்டு போற இடம். மதுரை மெடிக்கல் காலேஜ், தியாகராஜர் இன்ஜினியரிங் காலேஜ், காமராஜர் யுனிவர்சிட்டி, அமெரிக்கன் காலேஜ்னு வரிசையா இருக்கு, இங்க எல்லாம் டிபார்ட்மென்ட்டுக்கு ஒருத்தராவது ஏதோ ஒரு மாநில சங்கத்துலயோ அகில இந்திய சங்கத்துலயோ கமிட்டி மெம்பரா இருப்பாங்க, ஆனா அவங்க பேரு எந்த ஹோட்டல் சேல்ஸ் மேனேஜர் போன்லயும் இருக்காது. ஆடிட்டர் சங்கத்துக்கு மதுரைல கிளை இருக்கு, சிறுதொழில்காரங்களோட மடீட்சியா சங்கம் இருக்கு, 1924ல ஆரம்பிச்ச தமிழ்நாடு தொழில் வர்த்தக சங்கமே மதுரைலதான் இருக்கு. ரோட்டரி, லயன்ஸ்ல அடுத்தடுத்து கவர்னரா வரப்போறவர் யாருன்னு முன்கூட்டியே தெரிஞ்சிரும், மாவட்ட மாநாட்ட எங்க வைக்கறதுங்கறதுல அவர் பேச்சுதான் எடுபடும். மே 5 வணிகர் தின மாநாடு மாதிரி ஊர் மாத்தி மாத்தி நடக்கற கூட்டம் வேற இருக்கு. ஒரு நோட்டு போட்டு, யாரு, எந்த சங்கம், அதுல என்ன பொறுப்பு, அந்த சங்கத்தோட கான்ஃபரன்ஸ் கடைசியா எங்க நடந்துச்சு, அடுத்த ஊர எப்ப முடிவு பண்ணுவாங்கன்னு எழுதுங்க. கடைசி கேள்விதான் உயிர் நாடி. நிறைய சங்கத்துல ஒரு வருஷம் ரெண்டு வருஷம் முன்னாடியே ஏஜிஎம்ல, அதாவது வருஷாந்திர பொதுக்கூட்டத்துல முடிவாயிரும், நீங்க பேப்பர்ல பாத்துட்டு போன் அடிக்கறப்ப ஹால் அட்வான்ஸ் குடுத்து முடிச்சிருப்பாங்க.

சரி, ஆள கண்டுபிடிச்சாச்சு. அவர் உடனே சரின்னு சொல்ல மாட்டார், ஏன்னா அவர் பிசியான டாக்டர், இல்ல புரொஃபசர். அவருக்கு ரெண்டு பயம் இருக்கும். ஒண்ணு, இந்த வேலைய யாரு இழுத்துப் போட்டு செய்யறது. இன்னொண்ணு, காசு கையக் கடிச்சா யாரு குடுக்கறது. நீங்க போயி "சார் எங்க ஹோட்டல்ல எல்லா வசதியும் இருக்கு சார்"னு பிரவுச்சர் நீட்டுனா அந்த ரெண்டு பயத்துக்கும் அதுல பதில் இல்ல. "ரிஜிஸ்ட்ரேஷன் கவுன்டர், பிக்கப், ரூம் அலாட்மென்ட் எல்லாம் எங்க டீம் பாத்துக்கும் சார், நீங்க சயின்டிபிக் கமிட்டிய மட்டும் பாருங்க, ஹாலுக்கு இப்ப டோக்கன் போதும், மீதி ரிஜிஸ்ட்ரேஷன் காசு வர வர குடுத்தா போதும்"னு சொல்லிப் பாருங்க, மனுஷன் நிமிர்ந்து உக்காருவார். பட்ஜெட் ஷீட் ஒண்ணு நீங்களே போட்டுக் குடுங்க, எத்தன டெலிகேட் வந்தா கைய கடிக்காதுங்கற நம்பர் அதுல தெளிவா இருக்கணும்.

டாக்டர் கான்ஃபரன்ஸ்ல இப்ப கணக்கே மாறிப்போச்சு, இத கவனிங்க. 2024ல மருந்து கம்பெனிகளுக்கு வந்த யூசிபிஎம்பி விதிப்படி டாக்டருங்களுக்கு டிக்கெட், ரூம் எல்லாம் கம்பெனி போட்டுக் குடுக்கக் கூடாது, பேச வர்றவங்களுக்கு மட்டும்தான் விலக்கு. அப்படின்னா டெலிகேட் தன் காசுல வர்றாரு, தன் காசுல வர்றவரு ரூம் ரேட்ட ரெண்டு தடவ பாப்பாரு. பெருநகரத்து ஸ்டார் ஹோட்டல் ரேட்டுக்கும் நம்ம ஊர் ரேட்டுக்கும் இருக்கற வித்தியாசம் இதுவரைக்கும் யாருக்கும் பெருசா தெரியல, இனிமே தெரியும். அதோட கான்ஃபரன்ஸ்ல கலந்துக்கற டாக்டருங்களுக்கு மெடிக்கல் கவுன்சில் குடுக்கற கிரெடிட் ஹவர்ஸுக்கு முன்கூட்டியே விண்ணப்பிச்சு வாங்கிரணும், அது இல்லேன்னா பாதிப் பேரு வர மாட்டாங்க.

அடுத்து காலண்டர், பல பேரு கோட்டை விடறது இங்கதான். ஹோட்டல்ல ஹால பாத்துக்கற பேங்க்வெட் மேனேஜருக்கு போன் போட்டீங்கன்னா பேச்சு இப்படித்தான் போகும்:

"அண்ணே, பிப்ரவரி ரெண்டாவது சனி ஞாயிறு பெரிய ஹால் வேணும், டாக்டருங்க கான்ஃபரன்ஸ்."

"தம்பி, ஞாயித்துக்கெழம முகூர்த்தம்ப்பா. போன வருஷமே பொண்ணு வீட்டுக்காரவுக அட்வான்ஸ் குடுத்துட்டாக. சனிக்கெழம சாயந்திரம் ரிசப்ஷன் வேற."

அவ்வளவுதான், கல்யாணத்தோட மோதி கான்ஃபரன்ஸ் ஜெயிக்காது, ஏன்னா கல்யாணக்காரங்க தலைக்கு குடுக்கற சாப்பாட்டு ரேட்டு கூட, தேதியும் மாத்த மாட்டாங்க. அதனால பஞ்சாங்கத்த எடுத்து வச்சுக்கிட்டு ஹால் காலியா கிடக்கற மாசத்த பாருங்க. ஆடில கல்யாணம் கிடையாது, மார்கழில கிடையாது, புரட்டாசிலயும் நிறைய பேரு வைக்க மாட்டாங்க. ஹோட்டல்காரங்க ஈயோட்டற மாசம் இது, இங்கதான் நீங்க ரேட் பேசணும். ஜூலை பாதில இருந்து ஆகஸ்ட் பாதி வரைக்கும் ஆடி, வெயில் இருக்கும் ஆனா அக்னி நட்சத்திரம் மாதிரி இருக்காது, ஏசி ஹாலுக்குள்ள உக்கார்றவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. மார்கழி கிளைமேட் அருமை, ஆனா ஐயப்ப சீசன், டிரெயின்ல டிக்கெட் கிடைக்கறது கஷ்டம், கோயில்ல கூட்டம் அள்ளும், அதையும் சொல்லித்தான் தேதி குடுக்கணும். சித்திரைத் திருவிழா சமயத்துல மட்டும் எவன் கேட்டாலும் தேதி குடுத்துறாதீங்க. அழகர் ஆத்துல இறங்கற அன்னிக்கு ஏர்போர்ட்ல இருந்து கோரிப்பாளையம் பக்கம் ஒரு பஸ்ஸ கொண்டுவந்து பாருங்க, தெரியும். பொங்கலுக்கு ஜல்லிக்கட்டு நாளும் அப்படித்தான், அது வேணும்னே பாக்க வர்ற கம்பெனி குரூப்பா இருந்தா மட்டும் வேற விஷயம்.

ரூம் விஷயத்துல ஒரே ஹோட்டல்ல எல்லாரையும் அடைக்கலாம்னு கனவு காணாதீங்க. 400 டெலிகேட் வர்றாங்கன்னு வச்சுக்கங்க, உள்ளூர்க்காரங்க, ரூம் ஷேர் பண்றவங்க எல்லாம் போக 200 ரூம் தேவப்படலாம், அது மதுரைல நாலஞ்சு ஹோட்டலா சிதறித்தான் கிடைக்கும். பசுமலைல ஒண்ணு, அழகர் கோயில் ரோட்ல ஒண்ணு, ஸ்டேஷன் பக்கம் மேல வெளி வீதில ரெண்டுன்னு பிரிஞ்சு இருந்தா காலைல எட்டரைக்கு எல்லாரையும் ஒரு இடத்துல கொண்டுவந்து சேக்க வேன் ரூட் போட்டாகணும். அதனால போட்டி ஹோட்டல்காரங்க முதல்லயே ஒண்ணா உக்காந்து பேசிரணும், ஒரே ரேட் பேண்ட், ஒரே கேன்சலேஷன் தேதி. இத பண்ணாம ஆளாளுக்கு தனித்தனியா ஆர்கனைசிங் செகரட்டரிக்கு போன் போட்டு "அவங்கள விட நான் 500 ரூபா கம்மி"ன்னா அவர் வெறுத்துப் போயி கோயம்புத்தூருக்கே குடுத்துருவார்.

ப்ரொப்போசல் ஆறேழு பக்கத்துக்கு மேல வேணாம். மீனாட்சி அம்மன் கோபுரம் போட்டோ ஒண்ணு போதும், எல்லாருக்கும் தெரிஞ்ச கோபுரம்தான். அவங்களுக்கு வேண்டியது எப்படி வர்றது, எங்க தங்கறது, தலைக்கு எவ்வளவு, யாரு பொறுப்பு. வர்ற வழிய தெளிவா எழுதுங்க: எந்தெந்த ஊர்ல இருந்து நேரா ஃபிளைட்டு, எத்தன மணிக்கு. வந்தே பாரத்ல சென்னை எழும்பூர்ல விடிகாலைல ஏறினா ஆறு மணி நேரத்துக்குள்ள மதுரை, பெங்களூர்ல இருந்து மதியம் ஏறினா ராத்திரி பத்துக்குள்ள வந்துரலாம், வாரத்துல ஒரு நாள் ஓடாது, கான்ஃபரன்ஸ் தேதியோட மோதுதான்னு பாத்துக்கங்க. ரயில் புக்கிங் இப்ப 60 நாளைக்கு முன்னாடிதான் திறக்குது, அந்த நாள கணக்குப் பண்ணி அன்னிக்கு காலைல எல்லா டெலிகேட்டுக்கும் ஒரு வாட்ஸ்அப் தட்டிவிடுங்க. சின்ன வேலதான், ஆனா இத செஞ்சா வர்ற ஆளு எண்ணிக்கை கூடும்.

அப்புறம் இன்ஸ்பெக்ஷன் விசிட். கமிட்டில இருந்து ரெண்டு மூணு பேரு வந்து பாப்பாங்க, சால்வை, மாலை, பழத்தட்டுன்னு நீங்க பண்ற தடபுடல்ல அவங்களுக்கு ஆர்வமே இருக்காது. விவரமான செகரட்டரி நேரா ஹாலோட கடைசி வரிசைக்கு போயி உக்காந்து பாப்பார், ஸ்கிரீன் தெரியுதா, நடுவுல தூண் மறைக்குதான்னு. கரன்ட்ட ஆஃப் பண்ணச் சொல்லி ஜெனரேட்டர் எத்தன நொடில எடுக்குது, புரொஜெக்டர் அணைஞ்சு திரும்ப வருதான்னு பாப்பார். பக்கத்து ஹால்ல ஏதாச்சும் ஃபங்ஷன் இருந்தா நாதஸ்வரம் இங்க கேக்குதான்னு காது குடுப்பார் (மடக்கற பார்ட்டிஷன் போட்ட ஹால் எல்லாம் இதுல மாட்டிக்கும்). கூட வந்த மேடம் லேடீஸ் டாய்லெட்ல எத்தன இருக்குன்னு எண்ணிட்டு வந்து ஒண்ணும் பேசாம குறிச்சுக்குவாங்க. இதையெல்லாம் அவங்க வர்றதுக்கு முந்தின நாளே நீங்க செஞ்சு பாத்துருங்க. சின்ன குழுவா பிரிஞ்சு உக்கார பிரேக்அவுட் ரூம், போஸ்டர் வைக்கற இடம், ஸ்டாலுக்கு தனி பவர் பாயின்ட், லாரி வந்து சாமான் இறக்க வழி, இதுக்கெல்லாம் அளவோட ஒரு பிளான் கைல குடுத்துட்டா பாதி கேள்வி குறையும்.

சாயந்திர நேரத்துலதான் மதுரை மத்த ஊர அடிச்சுத் தூக்கும். செஷன் ஆறு மணிக்கு முடியும், கோயில் மதியம் நடை சாத்தி நாலு மணி வாக்குல திறந்து ராத்திரி வரைக்கும் இருக்கும், ஒன்பது மணி வாக்குல சுவாமி பல்லக்குல அம்மன் சன்னதிக்கு பள்ளியறைக்கு போறத பாத்துட்டு வெளிய வந்தா ஊரு முழிச்சுத்தான் இருக்கும். கறி தோசை, பரோட்டா, ஜிகர்தண்டானு ஒரு சுத்து சுத்திட்டு ரூமுக்கு போவாங்க. இதுக்கு ஒரு பைசா பட்ஜெட்ல எழுத வேணாம். கோயிலுக்குள்ள செல்போன் விட மாட்டாங்க, டிரெஸ் கட்டுப்பாடு இருக்கு, இத மட்டும் டெலிகேட் கிட்ல முதல் பக்கத்துல போட்டுருங்க. கூட வர்ற குடும்பத்துக்கு பகல்ல திருமலை நாயக்கர் மஹால், காந்தி மியூசியம், 2023ல திறந்த கீழடி மியூசியம், எல்லாமே பக்கம். முடிஞ்சதும் ராமேஸ்வரம், கொடைக்கானல் போறவங்களுக்கு காருக்கு ஒரு டெஸ்க் போட்டீங்கன்னா டிராவல்ஸ்காரருக்கு நல்ல ஓட்டம். மதிய சாப்பாட்டுல வெஜ் கவுன்டர் தனியா, ஜெயின் சாப்பாடு கேட்டா என்னன்னு தெரிஞ்ச மாஸ்டர், இது ரெண்டும் இருக்கட்டும், வடக்க இருந்து வர்றவங்களுக்கு ரெண்டு நாளும் சாம்பாரே போட்டு அனுப்பிறாதீங்க.

கம்பெனி மீட்டிங் வேற ரகம். அங்க சங்கம் கிடையாது, ஓட்டு கிடையாது, எச்ஆர் இல்லேன்னா பர்ச்சேஸ்ல ஒருத்தர் முடிவு பண்ணுவார், மூணு வாரத்துல நடந்து முடிஞ்சிரும். இதுல ஜிஎஸ்டிதான் முட்டுக்கட்ட. பெங்களூர் கம்பெனி மதுரை ஹோட்டல்ல நேரா ஹாலும் ரூமும் எடுத்தா ஹோட்டல் இருக்கற மாநிலத்து வரிதான் விழும், அந்த கம்பெனிக்கு தமிழ்நாட்டுல ரிஜிஸ்ட்ரேஷன் இல்லேன்னா கட்டுன வரிய கழிச்சுக்கற கிரெடிட் எடுக்க முடியாது. அதே ஈவென்ட்ட ஒரு ஈவென்ட் கம்பெனி முழுசா நடத்திக் குடுத்து பில் போட்டா, வாங்கறவங்க ரிஜிஸ்ட்ரேஷன் இருக்கற மாநிலம்தான் கணக்கு, மாநிலம் விட்டு மாநிலம் போற ஐஜிஎஸ்டியா போகும், அந்த கிரெடிட்ட அவங்க எடுத்துக்கலாம். ஆடிட்டர்கிட்ட ஒரு தடவ உக்காந்து பேசிட்டு கொட்டேஷன்லயே இத எழுதிக் குடுங்க, பர்ச்சேஸ்காரர் உங்கள மறக்க மாட்டார்.

இன்டர்நேஷனல் கான்ஃபரன்ஸ் ஆசைய கொஞ்சம் தள்ளி வைங்க. உலக அளவுல இந்த மாதிரி கான்ஃபரன்ஸ கணக்கெடுக்கற இக்கா அமைப்பு கணக்குல எடுக்கணும்னா குறைஞ்சது 50 பேரு கலந்துக்கணும், தொடர்ச்சியா நடக்கணும், மூணு நாட்டுக்காவது மாறி மாறி போயிருக்கணும். அந்த லெவலுக்கு போறப்ப இந்தியாவுக்கு மாநாடு கொண்டு வர்றதுக்காக டெல்லில 1988ல ஆரம்பிச்ச ஐசிபிபி அமைப்புல மெம்பராகி அவங்க மூலமா போலாம், ஈ-விசால வர்றவங்க எந்தெந்த ஏர்போர்ட்ல இறங்கலாம்கற லிஸ்ட்டையும் அப்ப பாத்துக்கணும். ஆனா மதுரைக்கு பெரிய கூட்டம் புதுசு இல்ல, 1981ல அஞ்சாவது உலகத் தமிழ் மாநாடே இங்கதான் நடந்துச்சு.

இதெல்லாம் யாரு பண்றதுன்னு கேட்டா, 1896ல அமெரிக்காவுல டெட்ராய்ட்ல வியாபாரிங்க சேந்துதான் ஆள் போட்டு மாநாடு பிடிக்க ஆரம்பிச்சாங்க. கோயம்புத்தூர்ல கொடிசியா வளாகத்த கட்டுனது சிறுதொழில் பண்றவங்களோட சங்கம், 2010ல செம்மொழி மாநாடு அங்கதான் நடந்துச்சு. நம்ம ஊருக்கு இப்போதைக்கு பெரிய ஆபீஸ் வேணாம், ஏழெட்டு ஹோட்டல், ரெண்டு மூணு டிராவல்ஸ், ஒரு சேம்பர் சேந்து சம்பளத்துக்கு ஒரே ஒரு ஆள், ஒரு போன் நம்பர், ஒரு காலண்டர். சங்கத்துக்காரங்க பேரு எழுதின அந்த நோட்டு அவர் கைல இருக்கட்டும்.

கான்ஃபரன்ஸ் முடிஞ்ச வாரமே பில்ல முடிச்சுக் குடுத்துருங்க, சங்கத்துக்காரங்க ஆடிட்டுக்கு அலையற நேரத்துல ஜிஎஸ்டி பில் வரலேன்னா நல்லா நடந்ததெல்லாம் மறந்துபோகும். வந்தவங்க எத்தன பேரு, எத்தன ரூம் எத்தன ராத்திரி ஓடுச்சு, ஸ்டால் எத்தன போச்சுன்னு செகரட்டரி லெட்டர்ஹெட்ல ஒரு பக்கம் எழுதி வாங்கிக்கங்க, அடுத்த ப்ரொப்போசலுக்கு அத விட பெரிய சர்டிபிகேட் கிடையாது. வேலிடிக்டரி (நிறைவு விழா) மேடைல அடுத்த பிரசிடென்ட் எலெக்ட்னு யாரு பேர படிக்கறாங்களோ, அவர் ஃபிளைட் ஏறறதுக்கு முன்னாடி பேசிருங்க.