கோலப் புள்ளியிலிருந்து சூத்திரம் வரை: எண் வரிசைகளை அவிழ்க்கும் முறை

செட்டிநாட்டு வீட்டு வாசலில் மார்கழிக் கோலத்துக்குப் புள்ளி வைக்கும்போது, "15 புள்ளி, 8 வரை, இடுக்குப் புள்ளி" என்று ஒருவர் சொன்னால் மற்றவருக்கு வேறு விளக்கம் தேவைப்படுவதில்லை. நடுவரிசையில் 15 புள்ளி வைத்து, அதற்கு மேலும் கீழும் முந்தைய வரிசையின் இடுக்குகளில் ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே போய் 8 புள்ளியில் நிறுத்த வேண்டும் என்பது அவ்வளவிலேயே அடங்கிவிடுகிறது. ஆனால் மொத்தம் எத்தனை புள்ளி என்று கேட்டால், அப்பத்தாவும் விரல் நீட்டி எண்ணத்தான் தொடங்குவார். எண்ணாமலே 169 என்று சொல்ல ஒரு வழி உண்டு. டி.என்.பி.எஸ்.சி. தேர்விலும் வங்கித் தேர்விலும் "அடுத்து வரும் எண் யாது" என்று கேட்கப்படும் வினாக்களில் பெரும்பாலானவற்றையும் அதே வழியில் அவிழ்க்கலாம்.

ஓர் எண் வரிசையின் எத்தனையாவது இடத்தில் நிற்கிறோமோ அந்த இட எண்ணை 'இ' என்று குறித்துக்கொள்வோம். முதல் உறுப்புக்கு இ = 1, இரண்டாவதற்கு இ = 2. இ தெரிந்தால் அந்த இடத்து எண்ணை நேரடியாகத் தரும் கோவைதான் சூத்திரம். முந்தைய எண்ணிலிருந்து அடுத்ததைப் பெறும் விதி வேறு, சூத்திரம் வேறு. தேர்வில் விதி மட்டும் போதும். ஆனால் நூறாவது உறுப்பு வேண்டுமென்றால் விதியை வைத்துக்கொண்டு தொண்ணூற்றொன்பது முறை கணக்கிட வேண்டியிருக்கும்.

எந்த வரிசையைக் கண்டாலும் முதலில் செய்ய வேண்டியது கழித்தல். அடுத்தடுத்த எண்களின் வித்தியாசத்தைக் கீழே ஒரு வரியாக எழுத வேண்டும். ஆத்தங்குடிக் கற்களைத் தரையில் பதிக்கும்போது நடுவில் பூப்போட்ட கற்களைச் சதுரமாக அமைத்து, சுற்றிலும் வேறு நிறத்தில் ஒரு வரிசைக் கரை கட்டுவதாக வைத்துக்கொள்வோம். நடுவில் ஒரு கல் என்றால் கரைக்கு 8 கல், இரண்டுக்கு இரண்டு என்றால் 12, மூன்றுக்கு மூன்று என்றால் 16, அடுத்து 20. வித்தியாசம் எங்கும் 4. இப்படி முதல் வித்தியாசமே மாறாமல் இருந்தால் அது கூட்டுத்தொடர் வரிசை. சூத்திரத்தில் 4இ கட்டாயம் இருக்கும். முதல் உறுப்பு 8 ஆவதற்கு 4 குறைகிறது என்பதால் சூத்திரம் 4இ + 4. நான்கு பக்கங்களுக்கு நான்கு இ, நான்கு மூலைகளுக்கு நான்கு கல் என்று தரையைப் பார்த்தே இதைச் சரிபார்த்துவிடலாம்.

இனி கோலத்துக்கு வருவோம். ஒற்றைப் புள்ளி, 3 புள்ளி 2 வரை, 5 புள்ளி 3 வரை, 7 புள்ளி 4 வரை, 9 புள்ளி 5 வரை. இடுக்குப் புள்ளியாக இவற்றின் மொத்தத்தை எண்ணி எழுதினால்,

1, 7, 19, 37, 61

முதல் வித்தியாசம்: 6, 12, 18, 24

இரண்டாம் வித்தியாசம்: 6, 6, 6

முதல் வரியில் நிலைக்காத வித்தியாசம் இரண்டாவது வரியில் நிலைத்துவிட்டது. இதற்கு ஒரு காரணம் உண்டு. 1, 4, 9, 16 என்ற வர்க்க எண்களைக் கழித்தால் 3, 5, 7 வரும். அவற்றைக் கழித்தால் எங்கும் 2. ஆகவே இரண்டாம் வித்தியாசம் 2 ஆக இருந்தால் சூத்திரத்தில் ஓர் இ² இருக்கும். 6 ஆக இருந்தால் மூன்று இ² இருக்கும். இரண்டாம் வித்தியாசத்தின் பாதிதான் இ²-இன் கெழு (இ²-ஐப் பெருக்கி நிற்கும் எண்) என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும், சமன்பாடுகளை வரிசையாக எழுதித் தீர்க்க வேண்டியதில்லை. 3இ² என்ற பகுதியை ஒவ்வோர் உறுப்பிலிருந்தும் கழித்துவிடுங்கள்: 1 − 3 = −2, 7 − 12 = −5, 19 − 27 = −8. மீதியாக நிற்கும் −2, −5, −8 என்பது மூன்று மூன்றாக இறங்கும் சாதாரணக் கூட்டுத்தொடர். அதன் சூத்திரம் −3இ + 1. இரண்டையும் சேர்த்தால் 3இ² − 3இ + 1. 15 புள்ளி 8 வரை என்பது எட்டாவது கோலம்; 3 × 64 − 24 + 1 = 169.

இங்கே ஒரு கேள்வியைத் தள்ளிவிட முடியாது. ஐந்து எண்களுக்குப் பொருந்திய சூத்திரம் எட்டாவதற்கும் பொருந்தும் என்று எப்படிச் சொல்கிறோம்? எண்களை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது; கோலத்தைப் பார்த்துச் சொல்ல முடியும். ஒரு கோலத்திலிருந்து அடுத்த பெரிய கோலத்துக்குப் போகும்போது ஆறு பக்கமுள்ள ஒரு வளையம் சுற்றிலும் கூடுகிறது. முதல் வளையத்தில் 6 புள்ளி, அடுத்ததில் 12, அதற்கடுத்ததில் 18. பக்கத்துக்கு ஒன்றாக ஒவ்வொரு முறையும் ஆறு புள்ளி அதிகம். ஆகவே வித்தியாசம் ஆறின் மடங்குகளாக வந்தது தற்செயல் அன்று. கோலத்தின் அமைப்பே அப்படி. சூத்திரம் பொருந்துவது வேறு, அது ஏன் பொருந்துகிறது என்று தெரிவது வேறு. இரண்டாவது கையில் கிடைத்த பிறகுதான் நான் பேனாவை மூடுவேன். போகிற போக்கில், இந்தப் புள்ளிகளை முதலிலிருந்து கூட்டிக்கொண்டே வாருங்கள்: 1, 8, 27, 64, 125. ஒவ்வொன்றும் ஒரு கன எண்.

இடுக்கில் வைக்காமல் புள்ளிக்கு நேராகப் புள்ளி வைக்கும் நேர்ப்புள்ளிக் கோலத்தை நீங்களே முயன்று பார்க்கலாம். ஒற்றைப்படையில் குறைத்து 1 வரை வைத்தால் 1, 5, 13, 25, 41 என்று போகும். விடை 2இ² − 2இ + 1. மூன்றாம் வித்தியாசத்தில்தான் நிலைக்கிறது என்றால் இ³ வரும். அப்போது பாதிக்குப் பதிலாக ஆறில் ஒரு பங்கு எடுக்க வேண்டும், மற்றபடி வேலை ஒன்றே.

எத்தனை முறை கழித்தாலும் நிலைக்காத வரிசைகளும் உண்டு. 1000 ரூபாயை ஆண்டுக்கு 10 விழுக்காட்டுக்குத் தனிவட்டியில் விட்டால் 1000, 1100, 1200, 1300 என்று ஏறும். கூட்டுவட்டியில் விட்டால் 1000, 1100, 1210, 1331. முதலாவது கூட்டுத்தொடர். இரண்டாவதைக் கழித்தால் 100, 110, 121 என்று வட்டிக்கு வட்டியே மீண்டும் தலைகாட்டும். வித்தியாச வரியும் மூல வரிசையின் சாயலிலேயே வளர்ந்தால், கழிப்பதை நிறுத்திவிட்டு வகுக்கத் தொடங்க வேண்டும். இங்கே ஒவ்வோர் உறுப்பும் முந்தையதைப் போல 1.1 மடங்கு. லேவாதேவிக் குடும்பங்கள் நிறைந்த இந்த வட்டாரத்தில் இந்த வேறுபாட்டைப் பலர் பள்ளிக்கு வெளியிலேயே கற்றிருப்பார்கள். கீழ்வாய் இலக்கம் எனப்படும் பழைய தமிழ்ப் பின்னங்களும் இப்படித்தான்: முந்திரி 1/320, அரைக்காணி 1/160, காணி 1/80, அரைமா 1/40, மா 1/20, இருமா 1/10, நாலுமா 1/5. முந்திரியிலிருந்து நாலுமா வரை ஒவ்வொன்றும் முந்தையதன் இரு மடங்கு.

தேர்வுத்தாள்களில் பெருக்கலும் கூட்டலும் கலந்தே பெரும்பாலும் வரும். 5, 13, 37, 109 என்பதைக் கழித்தால் 8, 24, 72. வித்தியாசம் மும்மடங்காக வளர்வதால் வரிசைக்குள் 3-இன் அடுக்கு ஒளிந்திருக்கிறது. முதல் வித்தியாசமான 8-ஐ, மடங்கில் ஒன்று குறைத்து வரும் 2-ஆல் வகுத்தால் 4. ஆகவே 4, 12, 36, 108 என்ற பெருக்குத்தொடர்தான் உள்ளே இருப்பது. ஒவ்வொன்றோடும் 1 கூடியிருக்கிறது. விடை 325. ஏறியும் இறங்கியும் தள்ளாடும் வரிசை என்றால் இரண்டு வரிசைகள் பின்னப்பட்டிருக்கின்றன என்று முதலில் ஐயப்படுங்கள்: 3, 20, 6, 17, 12, 14, 24, 11 என்பதில் ஒற்றை இடங்கள் இரட்டிக்கின்றன, இரட்டை இடங்கள் மூன்று மூன்றாகக் குறைகின்றன.

முந்தைய இரண்டைக் கூட்டினால் அடுத்தது வரும் 1, 2, 3, 5, 8, 13 போன்ற வரிசையின் வித்தியாசத்தை எழுதினால் அதே வரிசை சற்று நகர்ந்து வரும், அதுவே அடையாளம். ஒரு மாத்திரைக் குறிலையும் இரண்டு மாத்திரை நெடிலையும் அடுக்கி, குறிப்பிட்ட மாத்திரை அளவை எத்தனை விதமாக நிரப்பலாம் என்று எண்ணினால் இந்த எண்களே கிடைக்கும். கடைசி எழுத்து குறிலானால் மீதம் ஒரு மாத்திரை குறைவு, நெடிலானால் இரண்டு குறைவு. அதனால்தான் முந்தைய இரண்டின் கூட்டல். வடமொழி யாப்பில் இதே கணக்கை 12ஆம் நூற்றாண்டில் சமண அறிஞர் ஹேமச்சந்திரர் எழுதியிருக்கிறார். இத்தாலியக் கணித அறிஞர் ஃபிபோனாச்சியின் பெயர் இதோடு சேர்ந்தது அதற்குப் பிறகுதான்.

கடைசியாக ஒரு கண்ணி. 1, 2, 4, 8, 16. அடுத்தது என்ன? தேர்வில் 32 என்று எழுதுங்கள். வீட்டிலோ, ஒரு வட்டமான தாம்பாளத்தைக் கவிழ்த்துக் காகிதத்தில் வட்டம் வரைந்து, அதன் விளிம்பில் புள்ளிகள் வைத்து, ஒவ்வொரு புள்ளியையும் மற்ற எல்லாப் புள்ளிகளோடும் நேர்கோட்டால் இணைத்து, உள்ளே விழும் துண்டுகளை எண்ணிப் பாருங்கள். மூன்று கோடுகள் ஒரே இடத்தில் சந்திக்காதபடி மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு புள்ளிக்கு 1 துண்டு, இரண்டுக்கு 2, பிறகு 4, 8, 16. ஆறாவது புள்ளிக்கு 31, ஏழாவதற்கு 57. இந்த ஏழு எண்களையும் கழித்துக்கொண்டே போனால் நான்காம் வித்தியாசம் 1, 1, 1 என்று நிலைக்கும். எனவே சூத்திரத்தில் இ-இன் நான்காம் அடுக்கு வரை வரும். ஐந்து எண்கள் மட்டும் கையில் இருந்தபோது நான்காம் வரியில் ஒரே ஓர் எண்தான் நின்றது. தனியாக நிற்கும் எண் நிலைத்ததா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே நிலைத்த வரியில் குறைந்தது மூன்று எண்களாவது நிற்கும் வரை உறுப்புகளைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதே வரிகளைக் கீழிருந்து மேலாகக் கூட்டி நீட்டினால் எட்டுப் புள்ளிக்கு 99, ஒன்பதுக்கு 163, பத்துக்கு 256 என்று வரும். இரட்டித்துப் பார்த்திருந்தால் பத்தாவது இடத்தில் 512 நின்றிருக்கும். ஆனாலும் 256-உம் இரண்டின் அடுக்குதான். அந்த ஓர் இடத்தை மட்டும் பார்ப்பவர் மறுபடியும் ஏமாறுவார்.