கல்லூரி மகளிர் கூடைப்பந்து: புது கோச்சை எடைபோடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2008-09 சீசனில் அமெரிக்காவின் சவுத் கரோலைனா பல்கலைக்கழக மகளிர் கூடைப்பந்து அணி 28 ஆட்டம் ஆடி, பத்தில்தான் ஜெயித்தது. தன் கான்ஃபரன்ஸுக்குள் (ஒன்றோடொன்று மோதும் கல்லூரிகளின் குழு) ஆடிய 14 ஆட்டங்களில் 12 தோல்வி. கோச் டான் ஸ்டேலிக்கு அங்கே அதுதான் முதல் வருடம். அடுத்த வருடம் 14 வெற்றி, 15 தோல்வி. மூன்றாம் வருடமும் என்சிஏஏ (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பு) நடத்தும் தேசியப் போட்டிக்குள் நுழைய முடியவில்லை. நாலாவது சீசனில்தான் நுழைந்தார்கள், கடைசி 16 அணிகளில் ஒன்றாக வந்தார்கள். முதல் தேசியப் பட்டம் 2017-இல், அவருடைய ஒன்பதாவது சீசனில். அப்புறம் 2022, 2024. அந்த 2024 அணி 38 ஆட்டம் ஆடி ஒன்றில்கூடத் தோற்கவில்லை.

இரண்டாம் வருடமே ஒரு கோச்சை "ஆளை மாற்றுங்கள்" என்று ரசிகர்கள் கூச்சல் போடும்போதெல்லாம் எனக்கு அந்த 10-18 (10 வெற்றி, 18 தோல்வி) கணக்குதான் நினைவுக்கு வருகிறது.

முதல் இரண்டு வருடத் தோல்வியை முழுக்கப் புது கோச்சின் கணக்கில் எழுதுவதுதான் ஆகப்பெரிய தவறு. கோச்சுகளை நியமிப்பது பெரும்பாலும் மார்ச், ஏப்ரலில். அந்த வருடம் பள்ளி முடித்து வரும் நல்ல பெண்கள் முந்தைய நவம்பரிலேயே ஏதாவதொரு கல்லூரிக்குக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். ஆக, புது கோச் தானே தேடிப்பிடித்த முதல் செட் அவருடைய இரண்டாவது சீசனில்தான் வந்து சேரும். அந்தப் பெண்கள் நாலாம் ஆண்டு மாணவிகளாகி நிற்பது ஐந்தாவது சீசனில்.

ஸ்டான்ஃபோர்டில் தாரா வான்டர்வீர் 1985-இல் பொறுப்பேற்றார். முதல் சீசன் 13-15, இரண்டாவது 14-14. அந்த இரண்டாவது சீசனில் வந்து சேர்ந்தவர் ஜெனிஃபர் அஸி. அவர் நாலாம் ஆண்டு படித்த 1990-இல் ஸ்டான்ஃபோர்டுக்கு முதல் தேசியப் பட்டம் கிடைத்தது. கணக்கு அச்சுப் பிசகாமல் பொருந்துகிறது, பாருங்கள். கனெக்டிகட்டில் ஜீனோ ஆரியெம்மாவும் 12-15 என்றுதான் தொடங்கினார். அவருக்கு முதல் பட்டம் பத்தாவது சீசனில், 1995-இல்.

ஸ்கோர்போர்டை மட்டும் பார்ப்பது இரண்டாவது தவறு. முதலாம் ஆண்டு படிக்கும் ஒரு பாயின்ட் கார்டை (பந்தை எடுத்துச் சென்று ஆட்டத்தை நடத்துபவளை) நவம்பரில் கவனியுங்கள். எதிரணியில் இரண்டு பேர் சேர்ந்து அவளை ஓரக்கோட்டுக்கு நெருக்குகிறார்கள். பந்தைத் தட்டுவதை நிறுத்திவிட்டு, இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆளைத் தேடுகிறாள். எறிந்த பந்து எதிரணியின் கைக்குப் போகிறது. அதே பெண்ணைப் பிப்ரவரியில் பாருங்கள். இரண்டாவது ஆள் கிளம்பும்போதே தெரிந்துகொண்டு, அவள் வந்து சேருவதற்குள் நடுக்கோட்டில் நிற்கும் தோழிக்குப் பந்தைத் தள்ளிவிடுகிறாள். இரண்டு ராத்திரியும் அணி தோற்றிருக்கலாம். ஆனால் முதல் தோல்வி 25 புள்ளியில், இரண்டாவது 6 புள்ளியில். இடையில் அந்த ஜிம்மில் யாரோ அவளுக்கு உட்கார்ந்து சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். கோச்சின் வேலை தெரிவது அங்கேதான். நாலாவது கால்பகுதியில் அணி குலைகிறதா, தாக்குப்பிடிக்கிறதா? போன வருடத்துப் பெண்கள் இந்த வருடம் ஒரு படி ஏறியிருக்கிறார்களா? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தாலே பாதி தெளிந்துவிடும்.

மூன்றாவது தவறு, "இவர் எத்தனை நாளைக்கு?" என்ற பேச்சைப் பரப்புவது. இதை நாம் விளையாட்டாக நினைக்கிறோம், அது நேராக ஒரு வீட்டுக் கூடத்துக்குப் போய் நிற்கிறது. கோச் ஒரு பள்ளி மாணவியின் வீட்டில் உட்கார்ந்து, அவளுக்கு அணியில் என்ன இடம், என்ன படிக்கலாம் என்றெல்லாம் விளக்கி முடித்திருப்பார். அதுவரை பேசாமல் இருந்த அம்மா கேட்பார்: "சரி, என் பொண்ணு படிச்சு முடிக்கிற வரைக்கும் நீங்க அங்கே இருப்பீங்களா?" ஒப்பந்தத்தில் இரண்டு வருடம்தான் மிச்சம் என்பதைப் போட்டிக் கல்லூரியின் ஆட்கள் அந்த அம்மாவிடம் ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள். அந்தப் பெண் வேறு கல்லூரிக்குப் போவாள், அணி மறுபடியும் தோற்கும். "பார்த்தாயா, நல்ல ஆட்களைக் கொண்டுவர முடியவில்லை" என்று மறுபடியும் நாமே சொல்வோம். ஒரு கோச்சை நம்புவதாகச் சொல்லும் நிர்வாகம் அதை ஒப்பந்தத்தில் வருடங்களாகக் காட்ட வேண்டும். பேட்டியில் சொல்வது போதாது.

"கிம் மல்கி இரண்டே வருடத்தில் சாதித்தாரே?" என்று கேட்பவர்கள் உண்டு. சாதித்தார்தான். 9-13 என்று முடித்திருந்த எல்எஸ்யு (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) அணியை 2021-இல் எடுத்து, 2023-இல் பட்டம் வாங்கிக் கொடுத்தார். ஆனால் அவர் பேய்லர் பல்கலைக்கழகத்தில் மூன்று தேசியப் பட்டம் வென்ற பெயரோடு வந்தவர். கல்லூரி மாறும் வீராங்கனை ஒரு வருடம் உட்காராமல் உடனே ஆடலாம் என்று விதி தளர்ந்ததும் அதே 2021-இல்தான். அந்தப் பட்டம் வென்ற அணியின் நட்சத்திரம் ஏஞ்சல் ரீஸ் மேரிலாண்டிலிருந்து வந்தது அந்த வாசல் வழியாக. சின்னக் கல்லூரியில் முதல் வேலை பார்க்கும் ஒருவரை இந்த அளவுகோலால் அளப்பது நியாயமே இல்லை. அவருக்கு அதே வாசல் எதிர்ப்பக்கமாகத் திறக்கிறது. இரண்டு வருடம் வளர்த்த பெண்ணைப் பெரிய கல்லூரி கூட்டிக்கொண்டு போய்விடும்.

இப்போது காத்திருக்கும் காலம் முன்பைவிடக் குறையலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். என் கணக்கில் நாலு முழு சீசன் நியாயம், மூன்றுக்குக் கீழே அநியாயம்.

வருடத்தைக் கொடுத்துவிட்டுப் பணத்தைக் கொடுக்காமல் இருப்பதும் நடக்கிறது. 2025 ஜூலை முதல் கல்லூரிகள் வீரர், வீராங்கனைகளுக்கு நேரடியாகவே பணம் கொடுக்கலாம். முதல் வருடத்துக்கான உச்சவரம்பு ஒரு கல்லூரிக்கு சுமார் 2 கோடி டாலர். பெரிய கல்லூரிகளில் அதில் பெரும்பங்கு ஆண்களின் அமெரிக்கன் ஃபுட்பாலுக்கும் கூடைப்பந்துக்கும் போகிறது. மகளிர் கோச்சைக் கேள்வி கேட்பதற்கு முன்னால், அவருக்கு எவ்வளவு ஒதுக்கினீர்கள் என்று விளையாட்டுத் துறை இயக்குநரைக் கேட்க வேண்டும்.

பொறுமை கூடாத இடமும் ஒன்று இருக்கிறது. காயத்தோடு ஆடச் சொல்வது, எல்லார் முன்னாலும் அவமானப்படுத்துவது, உடல் எடையைச் சொல்லிக் குத்துவது என்று புகார் வந்தால் வெற்றி தோல்விக் கணக்கே குறுக்கே வரக்கூடாது. கோச் மாறிய முதல் வருடம் பழைய பெண்கள் சிலர் விலகுவது சகஜம். மூன்றாம் வருடம், அவரே வீடு தேடிப் போய் அழைத்து வந்தவர்கள் கூட்டமாகக் கிளம்பினால், ஒவ்வொருவரையும் தனியாக உட்காரவைத்துக் கேட்க வேண்டும். கேட்பவர் கோச்சுக்குக் கீழே வேலை பார்ப்பவராக இருக்கக்கூடாது.

அப்படி எதுவும் இல்லாமல், கணக்கை மட்டும் பார்த்து மார்ச் மாதத்தில் கோச்சை அனுப்பினால் என்ன ஆகும் என்றும் யோசிக்க வேண்டும். மிச்ச ஒப்பந்தத்துக்கு நஷ்டஈடு கொடுக்க வேண்டும். கையெழுத்துப் போட்ட பள்ளி மாணவிகள் விலகக் கேட்பார்கள். அணியில் நன்றாக ஆடுபவர்கள் டிரான்ஸ்பர் போர்ட்டலில் (கல்லூரி மாற விரும்புபவர்களின் பட்டியல்) பெயர் கொடுப்பார்கள். புதிதாக வருபவர் முதல் நாள் ஜிம்முக்குள் நுழையும்போது, அங்கே பயிற்சி ஆட்டத்துக்குத் தேவையான பத்துப் பேர்கூட இருக்க மாட்டார்கள்.