நீரில் கரைவதா, எண்ணெயில் கரைவதா: குமரி மாவட்டத்துச் சமையலறையில் வைட்டமின்களைக் காக்கும் முறை

செங்கீரையைப் பொடியாக அரிந்து, அதன் பிறகு ஒரு பாத்திரத் தண்ணீரில் போட்டு அலசிப் பாருங்கள். சிறிது நேரத்திலேயே அந்தத் தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறும். அந்தச் சிவப்பு கீரையின் நிறமி. அது ஓர் ஆன்டிஆக்ஸிடன்ட், அதாவது ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருள். அரிந்த வாய்களின் வழியே அது கசியும்போது வைட்டமின் சியும், பி வகையைச் சேர்ந்த ஃபோலேட்டும் ஓரளவு உடன் கசிந்துவிடுகின்றன. அந்தத் தண்ணீரை வாழைத்தடத்தில் ஊற்றிவிட்டு, மீதியைத் துவரன் (தேங்காய் போட்ட பொரியல்) வைத்துச் சாப்பிடுகிறோம். முழுக்கீரையாகக் கழுவி, தண்ணீர் வடிந்த பிறகு அரிந்திருந்தால் இந்த இழப்பு பெரிதும் குறைந்திருக்கும்.

வைட்டமின்கள் மொத்தம் 13. அவற்றின் பெயர்களையும் பணிகளையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஒவ்வொன்றையும் பற்றி ஒரே ஒரு கேள்வியைக் கேட்கக் கற்றுக்கொண்டால் போதும். அது நீரில் கரைவதா, எண்ணெயில் கரைவதா? பி வகையைச் சேர்ந்த எட்டும் சியும் நீரில் கரைபவை. ஏ, டி, ஈ, கே ஆகிய நான்கும் கொழுப்பில் கரைபவை. எதை எப்படிக் கழுவுவது, எதில் வேகவைப்பது, எதனுடன் சேர்த்து உண்பது, எந்த மாத்திரைக்கு அஞ்சுவது என்பவற்றில் பெரும்பகுதிக்கு இந்த ஒரு கேள்வியே விடை தந்துவிடும்.

நீரில் கரைபவை

வைட்டமின் சியை நம் உடலால் தயாரிக்க முடியாது. சேமித்து வைக்கும் அளவும் குறைவு. தோல், ஈறு, இரத்தக் குழாய், எலும்பு ஆகியவற்றைப் பிணைத்து நிறுத்தும் கொல்லாஜன் என்ற புரதத்தின் இழைகள் முறுக்கேறி உறுதிப்படுவதற்கு இது வேண்டும். இது இல்லாமல் போனால் ஈறு வீங்கி இரத்தம் கசியும், ஆறிய புண்ணும் திறந்துகொள்ளும். மாதக்கணக்கில் கடலில் கிடந்த மாலுமிகளைக் கொன்ற ஸ்கர்வி நோய் அதுதான். 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் நோயுற்ற 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து வெவ்வேறு மருந்து கொடுத்தபோது, ஆரஞ்சும் எலுமிச்சையும் உண்ட இருவரே விரைந்து தேறினார்கள்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி நாளொன்றுக்கு ஆண்களுக்கு 80 மில்லிகிராமும் பெண்களுக்கு 65 மில்லிகிராமும் வைட்டமின் சி தேவை. ஒரு பெரிய நெல்லிக்காயோ ஒரு நடுத்தரக் கொய்யாவோ இதை ஈடுகட்டிவிடும். ஆனால் சூடு, காற்று, தண்ணீர் மூன்றுமே இதற்குப் பகை என்பதால், நெல்லிக்காயைத் தேங்காயும் நல்லமிளகும் வைத்துப் பச்சையாகச் சம்மந்தி அரைப்பது சிறந்த வழி. உப்பிலிட்டு வைக்கும் வீடுகளில், ஊறிய காயிலிருந்து ஒரு பங்கு சி அந்த உப்புநீருக்குள் இறங்கியிருக்கும் என்பதை நினைவில் வைத்து, இரத்த அழுத்தம் இல்லாதவர்கள் அந்த நீரில் ஒரு கரண்டியை மோரிலோ பழையதிலோ கலந்துகொள்ளலாம்.

காய்கறியை வேகவைக்கும்போது முதலில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, பிறகு காயைப் போட்டு, மூடிவைத்து, காய் மூழ்கும் அளவுக்குக் கீழாகவே தண்ணீர் வைத்து, அது வற்றும்போது இறக்குங்கள். அவியல் இந்த முறையில்தான் செய்யப்படுகிறது. வெந்த நீரை வடித்துக் கொட்டும் பேச்சே அதில் இல்லை. கீரையின் பச்சை நிறம் மாறாதிருக்கச் சோடா உப்பு போடும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. அதைக் கட்டாயம் விட்டுவிடுங்கள். காரத்தன்மை சியையும் பி1ஐயும் அழித்துவிடும். புளியின் அமிலத்தன்மை அவற்றைக் காக்கும்.

சியின் இன்னொரு வேலை, கீரையிலும் பயற்றிலும் உள்ள இரும்புச் சத்தைக் குடல் உறிஞ்சுவதற்கு ஏற்ற வடிவத்துக்கு மாற்றுவது. எனவே துவரனை இறக்கிய பிறகு அரை மூடி எலுமிச்சையைப் பிழிந்துவிடுங்கள். சாப்பிட்ட கையோடு தேயிலை குடித்தால் அதிலுள்ள டானின் அந்த இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ஒரு மணி நேரமாவது கழித்துக் குடியுங்கள். இரத்தசோகை உள்ள பெண்கள் இரும்பு மாத்திரையைத் தேயிலையோடு விழுங்குவதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். அந்த மாத்திரையின் பயனில் பெரும்பங்கு அங்கேயே போய்விடுகிறது.

பி வகை வைட்டமின்கள் நேரடியாக ஆற்றல் தருவதில்லை. சோற்றிலும் மரச்சீனியிலும் (மரவள்ளிக்கிழங்கு) உள்ள மாவுச்சத்தை உடல் எரித்து ஆற்றலாக்கும்போது, அந்த வேலையைச் செய்யும் நொதிகளுக்குத் துணையாக நிற்கின்றன. மாவுச்சத்து எவ்வளவு கூடுகிறதோ, பி1இன் தேவையும் அவ்வளவு கூடும். ஜாவாவில் பணிபுரிந்த கிறிஸ்டியான் ஐக்மன் 1890களில், தீட்டிய அரிசியை மட்டுமே தின்ற கோழிகள், பி1 குறைவால் வரும் பெரிபெரி போன்ற நோயால் கால் வலுவிழப்பதையும், தவிடு சேர்த்தால் தேறுவதையும் கண்டார். அந்த வழியில் வந்த கண்டுபிடிப்புக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது. நம் வீடுகளில் பொங்கும் புழுங்கல் சம்பா அரிசியில் இதற்கான காப்பு முன்பே அமைந்திருக்கிறது: நெல்லாக இருக்கும்போதே ஊறவைத்து அவிப்பதால், தவிட்டிலுள்ள பி1இல் ஒரு பகுதி நீரோடு சேர்ந்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. அதன் பிறகு தவிடு நீங்கினாலும் எல்லாம் போய்விடுவதில்லை. ஆனால் அரிசியை ஐந்தாறு முறை கசக்கிக் கழுவினாலும், வடித்த கஞ்சித்தண்ணீரைக் கொட்டினாலும் காத்ததை இழப்போம். இரண்டு முறை கழுவுங்கள். கஞ்சித்தண்ணீரில் உப்பிட்டுக் குடியுங்கள், அல்லது ரசத்திற்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

மரச்சீனியை நம் பகுதியில் பரப்பியவர் 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா. அரிசி கிடைக்காத காலத்தில் அது உயிர் காத்தது. எனினும் அதில் மாவுச்சத்தைத் தவிர வேறு அதிகம் இல்லை. அதிலுள்ள நச்சு நீங்க, வேகவைத்த நீரை வடித்துக் கொட்டியே ஆக வேண்டும் என்பதால் இருக்கும் சியும் குறைந்துவிடும். ஆகவே மரச்சீனிக்குச் சாளை (மத்தி மீன்) குழம்பு என்ற நம் இணை வெறும் ருசிக்கானது அன்று. அந்த மாவை எரிக்கத் துணைநிற்கும் பி3, மரச்சீனியில் அறவே இல்லாத பி12, போதிய புரதம் ஆகியவை மீனிலிருந்து வருகின்றன. மரச்சீனியை மட்டும் தின்று வயிற்றை நிரப்பும் நாள்களைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

பி12 நீரில் கரைவதாயினும் ஈரலில் ஆண்டுக்கணக்கில் சேமிக்கப்படும் ஒரு விதிவிலக்கு. அதனால்தான் அதன் குறைபாடு மெதுவாக, ஓசையில்லாமல் வருகிறது. என் அம்மா ஒரு நேர்ச்சைக்காக மீனை விட்டுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. பாலும் அதிகம் குடிப்பதில்லை. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை தொடர்ந்து எடுத்துவந்தார். பாதம் மரத்து, எறும்பு ஊர்வது போலிருக்கிறது என்றார். "எனக்க காலு எனக்க காலு மாதிரியே இல்ல மக்களே" என்று அவர் சொன்னதை நான் முதுமை என்று எடுத்துக்கொண்டேன். மருந்துக்கடை ஒன்றில் நரம்புக்கு நல்லதென்று கொடுத்த வைட்டமின் ஈ கேப்ஸ்யூலை எட்டு மாதம் வாங்கிக் கொடுத்தேன். பிறகு ஒரு மருத்துவர் இரத்தத்தில் பி12 அளவைப் பார்க்கச் சொன்னபோதுதான், அது மிகவும் குறைந்திருப்பது தெரிந்தது. ஊசி போட்ட பிறகு மரப்பு பெருமளவு குறைந்தது, முழுவதும் போகவில்லை. நரம்பு நெடுநாள் பட்டினி கிடந்தால் எல்லாம் திரும்பாது. மெட்ஃபார்மின் நீண்டகாலம் எடுத்தால் பி12 உறிஞ்சுதல் குறையலாம். மீன், முட்டை, பால் எதுவும் உண்ணாதவர்களும் மெட்ஃபார்மின் எடுப்பவர்களும் இந்தப் பரிசோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

ஃபோலேட்டைப் பற்றி ஒன்றை மட்டும் சொல்கிறேன். அதன் துணையோடு சரியாக மூட வேண்டிய கருவின் தண்டுவடக் குழாய் முதல் நான்கு வாரங்களுக்குள், பல நேரங்களில் கர்ப்பம் உறுதியாகும் முன்பே, மூடிவிடும். குழந்தைக்குத் திட்டமிடும் பெண், அதற்கு முன்பிருந்தே மருத்துவரிடம் கேட்டு ஃபோலிக் அமில மாத்திரையைத் தொடங்க வேண்டும்.

எண்ணெயில் கரைபவை

முருங்கைக்கீரையில் பீட்டா கரோட்டின் நிறைய உண்டு. அதை நம் உடல் தேவைக்கேற்ப வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும். விழித்திரையில் மங்கிய ஒளியை உணரும் நிறமி இந்த ஏயிலிருந்துதான் உண்டாகிறது. குறைந்தால் முதலில் மாலைக்கண் வரும். பீட்டா கரோட்டின் கொழுப்போடு சேர்ந்தால்தான் குடல்சுவரைக் கடக்கும் என்பதால், முருங்கைக்கீரையைச் சும்மா அவித்துத் தின்பதைவிட, தேங்காய் எண்ணெயில் தாளித்து, தேங்காய் துருவிப் போட்டுத் துவரன் வைப்பதே அறிவியலுக்குப் பொருந்தியது. கீரை எண்ணெயில் குளிக்க வேண்டியதில்லை. ஓரிரு தேக்கரண்டி போதும். பழுத்த ஏத்தன் (நேந்திரன்) பழத்தின் மஞ்சளும் இதே கரோட்டின் குடும்பத்தைச் சேர்ந்தது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம் மட்டிப்பழம் உள்ளிட்ட எல்லா வாழைப்பழங்களும் பி6 தருபவை.

குழந்தைகளுக்கு ஒன்பதாம் மாதத்தில் தொடங்கி ஐந்து வயது வரை அரசு தரும் வைட்டமின் ஏ சொட்டு மருந்தைத் தவறவிடாதீர்கள். அதே வேளையில், அதன் அளவைக் கூட்டி வீட்டில் கொடுக்கவும் கூடாது.

டி வைட்டமினை முதன்மையாகத் தோல் தயாரிக்கிறது. வெயிலின் புற ஊதாக் கதிர் தோலில் உள்ள ஒரு கொழுப்புப் பொருளை மாற்ற, அது ஈரலிலும் சிறுநீரகத்திலும் மேலும் மாற்றம் பெற்று, குடல் சுண்ணாம்புச் சத்தை உறிஞ்சத் துணைசெய்கிறது. கண்ணாடி சன்னலுக்குள் வரும் வெயில் இதற்கு உதவாது. முட்டத்திலும் குளச்சலிலும் வலை உலர்த்துவோருக்கு இது குறைவதற்கு வழியில்லை என்று தோன்றும். ஆனால் நாகர்கோவிலின் அலுவலகங்களிலும், நெடுநேரம் மூடிய அறையிலும் இருப்போர் இதே வெயிலின் நடுவில் டி குறைந்தவர்களாக இருக்கக்கூடும். முற்பகலுக்குப் பின் கை, முகம் திறந்திருக்கச் சிறிது நேரம் வெளியில் நில்லுங்கள். உணவில் டி தருபவை குறைவு. சாளை, அயிலை போன்ற கொழுப்புள்ள மீன்கள் அவற்றுள் முதன்மையானவை. விலையுயர்ந்த நெய்மீனைத் தேடி அலைய வேண்டாம். வாங்கும்போது கண் தெளிந்து, செவுள் சிவந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

வைட்டமின் கே இரத்தம் உறைவதற்கு வேண்டியது, கீரைகளில் நிறைந்துள்ளது. இதயத்திற்காக, இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் கீரையை விடவேண்டியதில்லை, ஆனால் ஒரு வாரம் மிகுதியாகவும் ஒரு வாரம் அறவே இல்லாமலும் உண்ணக்கூடாது.

காறல் வாடையும் ஆன்டிஆக்ஸிடன்ட்டும்

நெடுநாள் திறந்துவைத்த முந்திரிப்பருப்பை வாயில் போட்டால் ஒரு காறல் வாடை வரும். காற்றிலுள்ள ஆக்சிஜன், பருப்பின் எண்ணெயிலிருந்து எலெக்ட்ரான்களைப் பறித்து, ஒரு மூலக்கூறு கெட்டதும் அது பக்கத்திலிருப்பதைக் கெடுக்க, அந்தச் சங்கிலி நீண்டுகொண்டே போனதன் விளைவு அது. நம் உயிரணுக்களின் சவ்வும் கொழுப்பால் ஆனது. அங்கும் இதே நிகழ்ச்சிதான். நாம் மூச்சு விட்டு உணவை எரிக்கும் ஒவ்வொரு கணமும், ஜோடி சேராத எலெக்ட்ரானைக் கொண்ட ஃப்ரீ ராடிக்கல்கள் சிறிதளவு பிறக்கின்றன. புகைபிடித்தல் அவற்றைப் பெருக்குகிறது. அவற்றுக்கு ஓர் எலெக்ட்ரானைத் தானாகக் கொடுத்து, சங்கிலியை நிறுத்துவதே ஆன்டிஆக்ஸிடன்ட்டின் வேலை.

இதைக் கண்ணால் பார்க்கலாம். ஏத்தங்காயை நறுக்கி இரண்டாகப் பிரித்து வையுங்கள்; ஒரு பங்கின் மேல் எலுமிச்சைச் சாற்றைத் தெளியுங்கள். தெளிக்காத பங்கு சிறிது நேரத்தில் கறுக்கத் தொடங்கும்; தெளித்தது வெளுப்பாகவே நெடுநேரம் நிற்கும். சாற்றின் புளிப்பு கறுக்கச் செய்யும் நொதியை மந்தமாக்க, அதிலுள்ள சி தன்னையே கொடுத்து ஆக்சிஜனேற்றத்தைத் திருப்பிவிடுகிறது.

உடலுக்குள் இது தனியாள் வேலை அன்று. சவ்வின் கொழுப்புக்குள் நிற்கும் ஈ, ராடிக்கலை மடக்கித் தான் செயலிழக்கும். நீர்ப்பகுதியிலிருந்து சி வந்து அதை மீட்கும். செயலிழந்த சியை, உடலே தயாரிக்கும் குளுட்டாதயான் என்ற ஆன்டிஆக்ஸிடன்ட் மீட்கும். குளுட்டாதயானைப் புதுப்பிக்கும் நொதிக்கு பி2 துணை வேண்டும். இவற்றோடு துத்தநாகம், செம்பு, மாங்கனீசு, செலினியம் ஆகியவற்றைக் கொண்டு உடலே தயாரிக்கும் நொதிகள் முன்வரிசையில் நிற்கின்றன. நீரில் கரைவதும் எண்ணெயில் கரைவதும் ஒன்றையொன்று தாங்கும் இந்த வரிசையில் ஒன்றை மட்டும் மாத்திரையாகக் கொட்டினால் வரிசை வலுப்பெறும் என்று சொல்வதற்கில்லை.

பின்லாந்தில் 29,133 ஆண் புகைப்பவர்களைக் கொண்டு நடந்த ஆய்வின் முடிவு 1994இல் வெளிவந்தது. நாள்தோறும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் மாத்திரை எடுத்தவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. 18 விழுக்காடு கூடியிருந்தது. காய்கறியில் நன்மை செய்வது மாத்திரையில் தீமை செய்தது. புகைக்கும் எவரும் இந்த மாத்திரையைத் தொடக்கூடாது. மேலும், ராடிக்கல் முழுப் பகையும் அன்று. நம் வெள்ளையணுக்கள் கிருமியைக் கொல்ல அதையே ஆயுதமாக்குகின்றன.

கிராம்பிலும் நல்லமிளகிலும் மஞ்சளிலும் ஆன்டிஆக்ஸிடன்ட் உண்டு. ஆனால் நாம் சேர்ப்பது சிட்டிகை அளவே என்பதால், அவற்றை மருந்தாக நம்பிக் காய்கறியைக் குறைப்பது தவறு. செங்கீரையின் சிவப்பு, ஏத்தன் பழத்தின் மஞ்சள், கத்தரிக்காய்த் தோலின் ஊதா, முருங்கையின் பச்சை என்று ஒரு வாரத்தில் நிறங்கள் மாறி மாறி வரட்டும்.

மாத்திரை வாங்கும் முன்

நீரில் கரைபவை மிஞ்சினால் பெரும்பாலும் சிறுநீரில் போய்விடும்; கொழுப்பில் கரைபவை ஈரலிலும் கொழுப்பிலும் தங்கி நஞ்சாகலாம். ஏ மிகுந்தால் ஈரல் கெடும், கருவுக்கும் ஊறு. டி மிகுந்தால் இரத்தத்தில் சுண்ணாம்பு ஏறும். ஈ மிகுந்தால் இரத்தக்கசிவு கூடும். ஆகவே இவற்றை மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன காலம் வரை மட்டும் எடுங்கள். முடி வளர்வதற்காக, பி வகையைச் சேர்ந்த பயோட்டின் எடுப்பவர்கள் தைராய்டு பரிசோதனைக்குப் போகும் முன் அதைச் சொல்லிவிட வேண்டும். அதன் மிகுதி சில பரிசோதனைகளின் அளவைத் தவறாகக் காட்டும். வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும், கேப்ஸ்யூல் டப்பாக்களையும் ஒரு பையில் போட்டு எடுத்துச்சென்று மருத்துவரின் மேசை மேல் வையுங்கள். அம்மாவை அழைத்துச் சென்ற அன்று நான் அப்படித்தான் செய்தேன். ஏழில் நான்கை அவர் எடுத்துத் தனியே வைத்துவிட்டார்.