மூணாறு மலைக்குக் குளிருடை சுமந்து போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போடியில் பஸ் ஏறும்போது சட்டை முதுகோடு ஒட்டும். அதே ராத்திரி மூணாறு பக்கத்துக் கொழுக்குமலையில் பல் தந்தியடிக்கும். இரண்டு ஊருக்கும் இடையில் உயரம் சுமார் 2,000 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. அப்படிப் பார்த்தால் காற்றைச் சேர்க்காமலே பதின்மூன்று டிகிரி வித்தியாசம். அதனால்தான் தேனிப் பக்கமிருந்தும் மதுரையிலிருந்தும் கிளம்புகிறவர்கள் வீட்டில் இருக்கிற சுவெட்டர், ஜெர்கின், போர்வை எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வருகிறார்கள். கொண்டுவருவதில் தப்பில்லை. ஆனால் இந்த மலைகளில் குளிருடையைப் போட்டிருக்கிற நேரத்தைவிடச் சுமக்கிற நேரம்தான் அதிகம். அதை யாரும் யோசித்து மூட்டை கட்டுவதில்லை.

தவறுகளிலேயே மோசமானது, பையில் இடமில்லை என்று ஜெர்கினைப் போட்டுக்கொண்டே ஏறுவது. மீசைப்புலிமலைக்குப் போகிற பாதையில் இப்படிப் பலரைப் பார்க்கலாம். விடியற்காலைக் குளிரில் கழுத்துவரை ஜிப்பை இழுத்துவிட்டுக் கிளம்புவார்கள். முதல் ஏற்றத்திலேயே உள்ளே வேர்த்து, பனியன் நனைந்து, அந்த ஈரம் ஜெர்கினின் உள்பக்கத்துக்கும் ஏறிவிடும். நடக்கிறவரை ஒன்றும் தெரியாது. மேட்டில் ஏறி நின்றதும் காற்று அடிக்கும்போதுதான் வேலை காட்டும். ஈரம் காயும்போது உடம்புச் சூட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகும். குளிருக்காகக் கொண்டுவந்த ஒரே உடுப்பும் நனைந்திருக்கும். மாற்ற வேறு இருக்காது. உள்ளே பருத்திப் பனியன் என்றால் இன்னும் கஷ்டம், அது லேசில் காயாது. நடுக்கம் நிற்காமல், பேச்சு குழறி, கால் தடுமாறினால் அது வெறும் குளிர் அல்ல. உடனே காற்றில்லாத இடத்துக்குக் கூட்டிப்போய் ஈர உடுப்பைக் கழற்ற வேண்டும்.

உள்ளூர் வழிகாட்டிகளைக் கவனியுங்கள். ஏற்றத்தில் ஒற்றைச் சட்டையோடு நடப்பார்கள், உட்காரும்போது போர்த்திக்கொள்வார்கள். நீங்களும் கொஞ்சம் குளிரோடே கிளம்புங்கள். பத்து நிமிஷ நடையில் உடம்பு சூடாகிவிடும். நின்றதும் ஜெர்கின், நடந்தால் பைக்குள். அலுப்பான வேலைதான், ஆனால் வேறு வழியில்லை. ஜீப்புக்கு மட்டும் இது பொருந்தாது. சூரியநெல்லியிலிருந்து இருட்டோடு கொழுக்குமலைக்கு ஏறுகிற ஜீப்பில் நீங்கள் நடப்பதில்லை, காற்று மட்டும் அடிக்கும். அங்கே இருக்கிறதையெல்லாம் போட்டுக்கொள்ளலாம்.

அப்படி அடிக்கடி எடுத்து வைக்க வேண்டுமென்றால் ஜெர்கின் பையில் மேலே இருக்க வேண்டும். பலரும் ‘ராத்திரிக்குத்தானே’ என்று அதை அடியில் போட்டுவிட்டு, அதன்மேல் சாப்பாடு, தண்ணீர், பாத்திரம் என்று ஏற்றிவிடுவார்கள். அப்புறம் மேட்டில் காற்றடிக்கும்போது பையைக் கவிழ்த்துக் கொட்டச் சோம்பல்பட்டு, குளிரிலேயே நிற்பார்கள். தூங்கும்போது மட்டும் தேவைப்படுவது அடியில், கனமானது நடுவில் முதுகை ஒட்டி, ஜெர்கின் மேலே, மழைக்கோட்டு அதற்கும் மேலே. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

சமீபகாலமாக வாக்குவம் கவர் மோகம் வந்திருக்கிறது. வீட்டில் பம்ப் வைத்துக் காற்றை உறிஞ்சினால் பெரிய ஜெர்கின்கூடப் பலகைபோல் தட்டையாகிவிடும், பார்க்க அழகுதான். மலைமேல் ஒருமுறை பிரித்தபின் திரும்ப உறிஞ்சப் பம்புக்கு எங்கே போவது? இறங்கும்போது அதே ஜெர்கின் பைக்குள் நுழையாது, கையில்தான் வரும். அதோடு, கெட்டியான கட்டியாக அமுக்கி வைத்தால் அதைச் சுற்றிப் பைக்குள் காலி இடம் விழும். பாத்திர மூட்டையில் வைக்கோல் திணிப்பதுபோல, மெத்தென்ற துணியைச் சாமான்களுக்கு நடுவே கையால் திணித்தாலே பாதி இடம் மிச்சமாகும். குளிருடையின் பருமன் என்பது அதற்குள் நிற்கிற காற்று. அந்தக் காற்றுதான் சூட்டைப் பிடித்து வைக்கிறது. இறகு அடைத்த ஜெர்கினை ஒன்றிரண்டு நாள் அமுக்கி வைப்பதால் கெடாது. பையிலிருந்து எடுத்ததும் நன்றாக உதறிவிட்டுப் போடுங்கள்.

உள்ளே இடமில்லாவிட்டால் வெளியே கயிறு போட்டுக் கட்டுவது அடுத்த வழக்கம். சோலைக்காட்டுப் பாதையில் முள்ளும் உண்ணிச்செடியும் அதைக் கிழிக்கும். மேகம் இறங்கினால் மழை பெய்யாமலே சொட்டச் சொட்ட நனையும். நடக்க நடக்க ஆடிக்கொண்டே பின்னுக்கு இழுக்கும். குறுகலான மேட்டு விளிம்பில் அது ஆபத்து. பையின் மழை உறையை மட்டும் நம்பவும் வேண்டாம், முதுகுப் பக்கமாகத் தண்ணீர் உள்ளே இறங்கும். யூரியா சாக்குக்குள் இருக்கிற தடித்த பாலித்தீன் உறையை நன்றாகக் கழுவிக் காயவைத்துப் பைக்குள் விரியுங்கள். கடையில் இதற்கென்று விற்கிற விலையுயர்ந்த உறைகளுக்கு அது ஒன்றும் இளைத்ததல்ல. திரும்பும்போது அதை மலையில் போட்டுவிட்டு வராதீர்கள்.

மூன்று சுவெட்டர் எடுத்துக்கொண்டு காற்றைத் தடுக்க ஒன்றும் எடுக்காமல் வருகிறவர்களும் உண்டு. கண்ணி கண்ணியாகப் பின்னிய கம்பளி நூலுக்குள் மேட்டுக் காற்று தாராளமாகப் புகும். திருப்பூரில் மலிவாகக் கிடைக்கிற ஃப்ளீஸ் என்கிற மெத்தென்ற செயற்கை இழைச் சட்டை ஒன்றும், மேலே காற்று புகாத மெல்லிய மழைக்கோட்டு ஒன்றும் இருந்தால் அந்த மூன்றுக்கும் ஈடு, பாதிப் பருமன். குல்லா, கையுறை, ஈரம் படாத சாக்ஸ் ஒரு ஜோடி: இவை இடமே பிடிக்காது, ஆனால் இவற்றைத்தான் மறப்பார்கள்.

தேயிலைத் தோட்டத்துக் கம்பளியைக் கேலி செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்திலேயே, மழைக்கும் குளிருக்கும் குடை, கம்பளி, மழைக்கோட்டு கொடுக்கச் சொல்லி மாநில அரசு விதி செய்யலாம் என்று இருந்தது. நம் தாத்தா பாட்டிகள் அதைப் போர்த்திக்கொண்டுதான் மலையில் கொழுந்து கிள்ளினார்கள். கனம்தான், நனைந்தால் இன்னும் கனம். ஆனால் ஈரமானாலும் ஓரளவு சூடு தரும், இறகு ஜெர்கின் நனைந்தால் அதுவும் கிடையாது.

மூணாறு டவுன் குளிரைப் பார்த்துவிட்டு உடுப்பைக் குறைப்பதும் தவறு. டவுனைவிட மீசைப்புலிமலை உச்சி சுமார் ஆயிரம் மீட்டர் உயரம், 2,640 மீட்டர். ராத்திரிக் கணக்கோ வேறு. மேகமில்லாத ஜனவரி இரவில் குளிர்ந்த காற்று கனத்துப் பள்ளத்தில் இறங்கித் தேங்கும். உறைபனி புல்வெளிப் பள்ளங்களில் வெள்ளையாகப் படிவது இதனால்தான். கூடாரம் பள்ளத்தில் என்றால் ஒரு உடுப்பு கூடவே வேண்டும்.

இரவிகுளம் ஒரு காலத்தில் தோட்டத்துத் துரைமார்களின் வேட்டைக்காடு. துணிமணி சுமக்க அவர்களுக்கு ஆள் இருந்தது, நமக்கு இல்லை. 1972 வனவிலங்குச் சட்டம் வந்தது, 1978-இல் இரவிகுளம் தேசியப் பூங்காவாயிற்று. வரையாட்டைக் கண்ணால் பார்ப்பதோடு சரி. ஆனாலும் வேட்டைக்காரர்களின் ஒரு பழக்கத்தைக் கடன் வாங்கலாம்: சத்தம் போடாத துணி. நைலான் ஜெர்கின் ஒவ்வொரு அடிக்கும் சரசரக்கும். ஆடு தலைதூக்கிப் பார்த்துவிட்டுப் போய்விடும். ஆடு போனால் போகட்டும். அந்தச் சரசரப்பில், காதை மூடிய மங்கி குல்லாவுக்குள், மூங்கில் முறிகிற சத்தம் உங்களுக்குக் கேட்காது என்பதுதான் கவலை. அரிக்கொம்பன் என்கிற காட்டு யானையை 2023-இல் சின்னக்கானலில் பிடித்துக்கொண்டுபோனார்கள்; மற்ற யானைகள் அங்கேயேதான் இருக்கின்றன. நடக்கும்போது காதைத் திறந்தே வையுங்கள்.

நனைந்த உடுப்பை நெருப்பில் காயவைக்கலாம் என்று எண்ணி வராதீர்கள். நைலானும் பாலியெஸ்டரும் பொறி பட்டாலே உருகி ஓட்டையாகும், தோலிலும் ஒட்டும். அதைவிட, குரங்கணியில் 2018 மார்ச்சில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். காய்ந்த புல்மேட்டில் நெருப்பு மூட்டுகிற பேச்சே வேண்டாம். லேசான ஈரம் என்றால் உடம்போடு ஒட்டிப் போட்டுக்கொண்டாலோ, தூங்கும்போது பக்கத்தில் வைத்துக்கொண்டாலோ காலைக்குள் ஓரளவு காய்ந்துவிடும்.

இறங்கி வந்த களைப்பில் பையை அப்படியே மூலையில் போட்டால், போடி வெயிலுக்கு ரெண்டே நாளில் பூசண வாடை அடிக்கும். அன்றைக்கே பிரித்து நிழலில் காயப்போடுங்கள். இறகு ஜெர்கினை அமுக்காமல் தளர்வாகப் பீரோவில் தொங்கவிடுங்கள். அடுத்த டிசம்பர்வரை அமுக்கியே வைத்தால் அதன் உப்பல் திரும்பி வராது.